'டெத் மேக்னெட்டிக்': சேதம் எந்தக் கட்டத்தில் நேர்ந்தது?

2008 செப்டம்பர் 12 அன்று மெட்டாலிக்கா என்ற அமெரிக்க ஹெவி மெட்டல் குழுவின் ஒன்பதாவது ஸ்டுடியோ ஆல்பமான 'டெத் மேக்னெட்டிக்' வெளிவந்தது. அதே நாளில் அந்த ஆல்பத்தின் பாடல்கள் 'கிட்டார் ஹீரோ 3' என்ற வீடியோ விளையாட்டுக்கான பதிவிறக்கமாகவும் கிடைத்தன. சி.டி. வாங்கிய ரசிகர்களில் பலர் அந்த விளையாட்டையும் ஆடுகிறவர்கள். சில நாட்களுக்குள் அவர்களுக்கு ஒன்று உறைத்தது. பிளாஸ்டிக் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆடும் விளையாட்டில் டிரம்ஸ் தெளிவாக அறைகிறது. காசு கொடுத்து வாங்கிய தட்டிலோ அதே டிரம்ஸ் கரகரக்கிறது, கிட்டாருக்குள் புதைந்து கிடக்கிறது.

ஒலித்துறையில் இப்படி ஒரு சான்று கிடைப்பது மிக அரிது. ஒரு ஆல்பம் நன்றாக ஒலிக்கவில்லை என்றால் வழக்கமாக வாதம் முடிவே இல்லாமல் நீளும். வாசித்த விதம் அப்படி, மைக் அப்படி, இசைக்குழு விரும்பியதே அப்படி என்று ஒவ்வொருவரும் ஒரு காரணம் சொல்லலாம். இங்கே அந்தக் காரணங்கள் எல்லாம் அடிபட்டுப் போகின்றன. வாசித்தவர்கள் அவர்களே, வாசிப்பும் அதுவே, பதிவான ஒலியும் அதுவே. பதிவுக்குப் பின் நடந்த வேலை மட்டும்தான் வேறு. மிக்சிங் (பல தடங்களை ஒன்றாகக் கலப்பது), மாஸ்டரிங் (அந்தக் கலவையை வெளியீட்டுக்காக இறுதியாகச் செப்பனிடுவது) வேலைகளுக்கான பிளக்-இன்களை, அதாவது ஒலித்தொகுப்பு மென்பொருளில் செருகும் கருவிகளைப் பயன்படுத்தும் எவரும் இந்த நிகழ்வை ஒருமுறையாவது ஆழமாகப் படிக்க வேண்டும் என்று நான் நினைப்பதற்கு இதுவே காரணம். பெரும்பாலோர் இதை 'உரப்புப் போரின் உச்சம்' (ஆல்பங்களை ஒன்றைவிட ஒன்று உரக்க வெளியிடும் போட்டி) என்று ஒற்றை வரியில் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். சேதம் எந்தக் கட்டத்தில் நேர்ந்தது, அதை எந்த மீட்டர் காட்டியிருக்கும், எது காட்டியிருக்காது என்ற கேள்விகளில்தான் நமக்குப் பயன்படும் பாடம் இருக்கிறது.

விளையாட்டுக்குப் போன ஒலி

கிட்டார் ஹீரோ விளையாட்டில் ஆடுபவர் ஒரு சுரத்தைத் தவறவிட்டால் அந்தக் கணத்தில் கிட்டார் ஒலி மட்டும் அடங்க வேண்டும். டிரம்ஸும் பேஸும் பாட்டும் தொடர வேண்டும். அதற்கு, முடிந்த ஸ்டீரியோ கோப்பு உதவாது. கிட்டாரும் மற்ற ஒலிகளும் தனித்தனித் தடங்களாகத் தேவை. அப்படித் தனித்தனியாக அனுப்பும்போது, எல்லாக் கருவிகளும் ஒன்றாகக் கலந்த பிறகு அந்தக் கலவை முழுவதன் மீதும் செய்யப்படும் அழுத்தம் அவற்றோடு போகாது. உரத்த ஒலியை அடக்கும் கம்ப்ரெஸரும், வரம்பைத் தாண்டவிடாத லிமிட்டரும், வரம்புக்கு மேலே உள்ளதை வெட்டும் கிளிப்பரும் கலவையின் கடைசிப் பாதையில், அதாவது மிக்ஸ் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவை. தனித் தடங்கள் அவற்றின் பிடியில் சிக்காமல் வெளியேறிவிட்டன.

ஆகவே ரசிகர்கள் விளையாட்டில் கேட்டது, நடைமுறையில், கடைசிக் கட்ட அழுத்தம் இல்லாத 'டெத் மேக்னெட்டிக்'. சிலர் விளையாட்டின் ஒலியைப் பதிவு செய்து, ஒலித்தொகுப்பு மென்பொருளில் சி.டி. கோப்புக்கு அருகே வைத்துப் பார்த்தார்கள். விளையாட்டுப் பதிவில் ஸ்னேர், கிக் எனும் டிரம்களின் அடிகள் மற்ற ஒலிகளுக்கு மேலே தனித்து எழுந்து நின்றன. சி.டி. கோப்பின் அலைவடிவமோ, ஒரே உயரத்தில் கத்தரித்துவிட்ட வேலிச்செடி போல, தொடக்கத்திலிருந்து முடிவுவரை மட்டமாக இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தால் அலைகளின் முகடுகள் வளைவாக இல்லை, நேர்க்கோடாக வெட்டுப்பட்டிருந்தன.

பிரிட்டனைச் சேர்ந்த மாஸ்டரிங் பொறியாளர் இயன் ஷெப்பர்ட் இந்த ஒப்பீட்டைப் பற்றி எழுதினார், செய்தி பரவியது. ஆல்பத்தை மறுபடி மிக்ஸ் செய்து வெளியிட வேண்டும் என்று கோரிய இணைய மனுவில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டனர். அதே செப்டம்பரில் 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' இதைச் செய்தியாக்கியது. உரத்த இசைக்கென்றே பிறந்த ஹெவி மெட்டல் ரசிகர்களே 'மிகையான உரப்பு' என்று முறையிட்டது பத்திரிகைகளுக்கு வியப்பாக இருந்தது. உண்மையில் அதில் வியப்பு இல்லை. ஹெவி மெட்டலின் உயிர் டிரம்ஸின் தாக்குதலில் இருக்கிறது. அது மழுங்கினால் முதலில் கண்டுபிடிப்பவர்கள் அந்த இசையை நேசிப்பவர்களாகத்தான் இருப்பார்கள்.

கை காட்டப்பட்டவர்

மாஸ்டரிங் செய்தவர் டெட் ஜென்சன். அப்போது நியூயார்க்கில் இருந்த ஸ்டெர்லிங் சவுண்ட் நிறுவனத்தில் பல பதிற்றாண்டு அனுபவம் உள்ளவர். இயல்பாகவே முதல் பழி அவர் மேல் விழுந்தது. உரப்பை ஏற்றுவது மாஸ்டரிங்கின் வேலை என்பது பொதுவான எண்ணம். தட்டில் அவர் பெயர் இருக்கிறது. வேறு யாரைக் கேட்பது?

ரசிகர் ஒருவருக்கு அவர் அனுப்பிய பதில் வெளியே வந்தபோது நிலைமை மாறியது. மிக்ஸ்கள் தம்மிடம் வந்து சேரும் முன்பே சுவரில் மோதியது போல அழுத்தப்பட்டிருந்தன என்றும், இந்த அளவுக்குத் தாம் ஒருபோதும் ஏற்றியிருக்க மாட்டோம் என்றும், இதில் தம் பெயர் இருப்பதில் தமக்குப் பெருமை இல்லை என்றும் அதில் அவர் எழுதியிருந்தார்.

ஆல்பத்தின் தயாரிப்பாளர் ரிக் ரூபின். ஒலிப்பதிவிலும் மிக்சிங்கிலும் முதன்மைப் பங்கு வகித்தவர் கிரெக் ஃபிடெல்மன். டிரம்ஸ் கலைஞர் லார்ஸ் உல்ரிச் ஆல்பத்தின் ஒலியை வெளிப்படையாக ஆதரித்தார்: ஒலித்தரத்தில் குறை எதுவும் இல்லை, உயிர்ப்போடும் உரக்கவும் இருக்க வேண்டும் என்பதே ரூபினின் நோக்கம், எங்களுக்கும் அது பிடித்திருக்கிறது என்பது அவர் நிலைப்பாடு. விற்பனையும் பாதிக்கப்படவில்லை. அமெரிக்காவில் முதல் மூன்று நாட்களில் சுமார் 4,90,000 பிரதிகள் விற்று, பில்போர்டு பட்டியலில் முதலிடத்தில் நுழைந்தது. இதையும் நேர்மையாகப் பதிவு செய்ய வேண்டும்: சந்தை இந்த ஒலியைத் தண்டிக்கவில்லை.

ஜென்சனின் பதில் நமக்கு முக்கியமாவது வேறு காரணத்தால். முகடு வெட்டுப்பட்டு வந்த கோப்பை வைத்து மாஸ்டரிங் பொறியாளர் என்ன செய்ய முடியும்? ஒலியளவைக் குறைக்கலாம். ஆனால் எட்டு டெசிபல் குறைத்தாலும் வெட்டுப்பட்ட முகடு வெட்டுப்பட்டதாகவேதான் இருக்கும். உயரம் குறைந்த மட்டக்கோடு, அவ்வளவே. அதிர்வெண்களைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரால் கரகரப்பின் கூர்மையைச் சற்றுத் தணிக்கலாம். அதோடு சிம்பலின் மினுமினுப்பும் போகும். டி-கிளிப் வகை பிளக்-இன்கள், வெட்டுப்பட்ட இடத்துக்கு இருபுறமும் உள்ள வளைவைப் பார்த்து, நடுவில் முகடு எப்படி இருந்திருக்கும் என்று ஊகித்து வரைகின்றன. வினாடிக்கு ஓரிரண்டு இடங்களில் வெட்டு இருந்தால் அந்த ஊகம் நன்றாகவே பலிக்கிறது. பாடல் முழுவதும், ஒவ்வொரு டிரம்ஸ் அடியிலும் வெட்டு இருந்தால் ஊகிப்பதற்கு ஆதாரமான வளைவே மிச்சமிருப்பதில்லை. கடைசியில் இருப்பவரால் முன்பே அழிந்ததை மீட்க முடியாது.

லிமிட்டர் செய்வது என்ன

இந்த நிகழ்வின் பின்னணியில் ஒரு கருவியின் வரலாறு இருக்கிறது. இஸ்ரேலைச் சேர்ந்த வேவ்ஸ் நிறுவனம் 1992-இல் 'கியூ10' என்ற ஈக்வலைசரை பிளக்-இன் வடிவில் கொண்டுவந்தது. 1994-இல் அதே நிறுவனத்தின் 'எல்1 அல்ட்ராமாக்ஸிமைசர்' வந்தது. வரப்போகும் முகட்டைச் சில மில்லிவினாடிகள் முன்கூட்டியே பார்த்து, அது வரம்பைத் தாண்டும் முன் ஒலியளவை இறக்கிவிடும் லிமிட்டர் அது. பழைய அனலாக் லிமிட்டர்களால் முகடு வந்த பிறகுதான் வினைபுரிய முடியும். அதற்குள் முகட்டின் ஒரு பகுதி தப்பிவிடும். முன்னோக்கும் டிஜிட்டல் லிமிட்டரிடமிருந்து எதுவும் தப்பாது. வரம்பை மைனஸ் 6-இல், அதாவது டிஜிட்டல் ஒலியின் உச்சமான பூஜ்யத்துக்கு ஆறு டெசிபல் கீழே வைத்தால் முகடுகள் அனைத்தும் அங்கே நிற்கும். பிறகு மொத்தத்தையும் ஆறு டெசிபல் உயர்த்திக்கொள்ளலாம். ஒரே ஒரு நெம்புகோலை இழுத்தால் பாடல் உரக்க ஒலிக்கிறது. 1996-இல் ஸ்டெயின்பெர்க் நிறுவனம், பிளக்-இன்களை ஒலி மென்பொருளோடு இணைக்கும் வி.எஸ்.டி. முறையைக் கொண்டுவந்த பின் இப்படிப்பட்ட கருவிகள் வீட்டுக் கணினிவரை வந்துவிட்டன.

அளவோடு பயன்படுத்தினால் லிமிட்டர் மிக நல்ல கருவி. எப்போதாவது தலைதூக்கும் முகடுகளை இரண்டு மூன்று டெசிபல் அடக்கினால் காதுக்கு எதுவும் தெரியாது. சிக்கல், அது ஓய்வே இல்லாமல் வேலை செய்யும்போது தொடங்குகிறது. கிக் அடி விழும் ஒவ்வொரு முறையும் மொத்தக் கலவையும் கீழே இறங்குகிறது. அடுத்த அடிக்குள் மேலேற நேரமில்லை. கிட்டாரும் குரலும் டிரம்ஸின் தாளத்துக்கு மூச்சு வாங்குகின்றன. அதைத் தவிர்க்க மிக்சிங் பொறியாளர்கள் கிளிப்பரை நாடுகிறார்கள். கிளிப்பர் ஒலியளவை இறக்காது. வரம்புக்கு மேலே உள்ளதை அப்படியே வெட்டி எறியும். மூச்சுவாங்கல் இல்லை, ஆனால் வெட்டிய ஒவ்வோர் இடத்திலும் மூல ஒலியில் இல்லாத புதிய அதிர்வெண்கள் பிறக்கின்றன. 60 ஹெர்ட்ஸில் இருக்கும் கிக்கை வெட்டினால் 180, 300, 420 என்று ஒற்றைப்படை மடங்குகள் முளைக்கும். அந்த நேரத்தில் கிட்டாரும் ஒலித்துக்கொண்டிருந்தால் இரண்டும் சேர்ந்து இசைக்குச் சம்பந்தமே இல்லாத இடங்களில் அதிர்வெண்களை உண்டாக்கும். 'டெத் மேக்னெட்டிக்' தட்டில் இரட்டைக் கிக் வேகமாக ஓடும் பகுதிகளில் கேட்கும் கரகரப்பு இந்த வகையைச் சேர்ந்தது. 'தி டே தட் நெவர் கம்ஸ்' பாடலின் பிற்பகுதியை நல்ல ஹெட்போனில் கேட்டால் யாருக்கும் விளங்கும்.

இன்று கணினியில் மிக்ஸ் செய்பவர்களுக்கு ஒரு நிம்மதியும் ஓர் ஆபத்தும் உண்டு. மென்பொருளுக்குள் ஒலி, வரம்பைத் தாண்டினாலும் வெட்டுப்படாத மிதவைப்புள்ளி எண்களாக ஓடுவதால், ஒரு சேனலில் சிவப்பு விளக்கு எரிந்தாலே சேதம் என்று பொருளில்லை. கடைசியில் ஒலியளவை மாற்றும் ஃபேடரை இறக்கினால் முகடு முழுமையாகத் திரும்பிவிடும். ஆபத்து என்னவென்றால், இடையில் கிளிப்பரோ, லிமிட்டரோ, டேப் ஒலியைப் போலச் செய்யும் பிளக்-இன்னோ இருந்தால் சேதம் அங்கேயே முடிந்துவிடும். சிவப்பு விளக்கு எரியவே எரியாது. வெளியே வரும் அளவு மைனஸ் 3 என்று அடக்கமாகக் காட்டும்; உள்ளே முகடுகள் தட்டையாகியிருக்கும். விளக்கை நம்பி ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

எந்த மீட்டர் எதைக் காட்டும்

2008-இல் பெரும்பாலான ஸ்டுடியோக் கணினிகளில் எப்போதும் கண்முன் இருந்தது உச்ச மீட்டர். அது ஒரே ஒரு கேள்விக்கு விடை சொல்லும்: வரம்பை, அதாவது பூஜ்ய டெசிபலைத் தொட்டாயிற்றா இல்லையா? சி.டி.யில் உள்ள பாடலையும், நிதானமாக முடித்து உச்சத்தைப் பூஜ்யம்வரை ஏற்றிய அதே பாடலையும் இந்த மீட்டரில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். இரண்டின் உச்சமும் ஒரே இடத்தில். நடந்த சேதம் முழுவதும் இந்த மீட்டரின் பார்வைக்கு அப்பால் இருக்கிறது.

உச்சத்துக்கும் சராசரி உரப்புக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதே கேட்க வேண்டிய கேள்வி. பிளெஷரைஸ் மியூசிக் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு வழங்கிய 'டிடி டைனமிக் ரேஞ்ச் மீட்டர்' அந்தக் கேள்வியைக் கேட்டது. பாடலை மூன்று வினாடித் துண்டுகளாகப் பிரித்து, மிக உரத்த ஐந்தில் ஒரு பங்குத் துண்டுகளின் சராசரியை எடுத்து, உச்சத்திலிருந்து அது எவ்வளவு கீழே இருக்கிறது என்று ஒற்றை எண்ணாகச் சொல்லும். இந்த ஆல்பம் அதில் பெற்ற எண் 3. பாடலுக்குள் மெதுவான பகுதிகள் உண்டு. ஆனால் உரத்த பகுதிகளில் டிரம்ஸ் எழுந்து நிற்க ஏறக்குறைய இடமே விடப்படவில்லை என்று பொருள்.

இந்த எண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. அதே மாஸ்டரை வினைல் தட்டில் வெட்டி, திரும்பக் கணினியில் ஏற்றி அளந்தால் எண் கூடுதலாக வரும். வினைல் பாதையில் அலைகளின் கட்டம் (ஒன்றுக்கொன்று உள்ள நேர ஒழுங்கு) நகர்ந்து உச்சங்கள் மட்டும் மேலெழும்புவதால் மீட்டர் அப்படிக் காட்டுகிறது; ஒலி மேம்படவில்லை. இதை வைத்து 'வினைலில் ஏற்ற இறக்கம் அதிகம்' என்று வாதிடுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

இந்தக் கேள்வியை முன்கூட்டியே கேட்டவர் ஒருவர் இருந்தார் என்பதுதான் எனக்கு வருத்தம் தரும் விஷயம். அமெரிக்க மாஸ்டரிங் பொறியாளர் பாப் காட்ஸ் 2000-இல் 'கே-சிஸ்டம்' என்ற முறையை முன்வைத்தார். திரையரங்குகளில் ஸ்பீக்கரின் ஒலியளவு நிர்ணயிக்கப்பட்டிருக்கிறது. அதனால் படத்துக்கு மிக்ஸ் செய்பவர்கள் காதை நம்பியே வேலை செய்ய முடிகிறது. இசைக்கும் அப்படி ஓர் ஒழுங்கு வேண்டும் என்றார் காட்ஸ். ஸ்பீக்கரின் குமிழை ஒரு நிலையில் நிறுத்திவிட்டு, மீட்டரின் பூஜ்யத்தை உச்சத்துக்கு 20, 14 அல்லது 12 டெசிபல் கீழே வைத்து, அந்தப் பூஜ்யத்தைச் சுற்றிச் சராசரி உரப்பை வைத்துக்கொள்வது அந்த முறை. 2006-இல் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 'பிஎஸ்.1770' என்ற உரப்பு அளவீட்டு நெறியையும் வெளியிட்டிருந்தது. ஆக, 'டெத் மேக்னெட்டிக்' மிக்ஸ் செய்யப்பட்ட காலத்தில் அளவுகோல்கள் இல்லாமல் இல்லை. ஒன்று பாப், ராக் உலகில் பெரிதாக எடுபடவில்லை. மற்றது ஒளிபரப்புத் துறையின் சங்கதியாகப் பார்க்கப்பட்டது.

திறமைசாலிகள் ஏன் இங்கே வந்து சேர்கிறார்கள்

ரூபினும் ஃபிடெல்மனும் காது கேளாதவர்கள் அல்லர். ரூபின் தயாரித்து 1999-இல் வந்த ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸ் குழுவின் 'கலிஃபோர்னிகேஷன்' ஆல்பத்தைப் பற்றியும் இதே முறையீடு எழுந்தது உண்மை. ஆனால் இதைத் தனிமனிதரின் ரசனைக் குறை என்று முடித்துவிட்டால் நாம் எதையும் கற்கமாட்டோம்.

நம் காது உரப்பையும் தரத்தையும் பிரித்துப் பார்ப்பதில்லை. பெல் ஆய்வகத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இல் வெளியிட்ட ஆய்வு, ஒலியளவு ஏறும்போது தாழ்ந்த அதிர்வெண்களும் மிக உயர்ந்தவையும் காதுக்கு ஒப்பளவில் கூடுதலாகக் கேட்கின்றன என்பதைக் காட்டியது. ஒரே பாடலை ஒரு டெசிபல் கூட்டி வைத்தால் அது 'உரக்க இருக்கிறது' என்று தோன்றுவதற்கு முன் 'நன்றாக இருக்கிறது' என்று தோன்றும். பேஸ் திரண்டு, குரல் அருகே வந்து நிற்கும். மிக்ஸ் அறையில் இது நாளெல்லாம் நடக்கிறது. ஒரு கம்ப்ரெஸரைப் போடுகிறார்கள்; கூடவே அரை டெசிபல் ஏறுகிறது; நன்றாக இருக்கிறது. அடுத்து ஒரு கிளிப்பர். இன்னும் ஒரு டெசிபல். இன்னும் நன்றாக இருக்கிறது. பிளக்-இன்னை நிறுத்திப் பார்த்தால் ஒலி சோர்ந்து விழுகிறது, ஆகவே அது அவசியம் என்று முடிவாகிறது. ஒவ்வொரு முடிவும் தனியாகப் பார்த்தால் நியாயமானது. பத்து முடிவுகள் சேர்ந்தால் முகடுகள் இல்லை. ஒவ்வொரு நாளும் முந்தைய நாளின் மிக்ஸோடு ஒப்பிடுவதால் பின்னால் திரும்ப வழியும் இல்லை. திரும்பினால் எல்லோருக்கும் 'ஏதோ குறைகிறது' என்று தோன்றும்.

இந்த ஆல்பத்தின் மிக்ஸ் அறையில் எந்தக் கருவி எத்தனை டெசிபல் அழுத்தியது என்பது இங்கே முக்கியமில்லை. ஜென்சனின் பதிலும் விளையாட்டுப் பதிவும் சேர்ந்து சேதத்தின் இடத்தைக் குறித்துவிடுகின்றன: தனித் தடங்களுக்குப் பின்னால், மாஸ்டரிங்குக்கு முன்னால். அந்த இடத்தில் உரப்பைச் சமன்செய்து ஒப்பிடும் பழக்கம் இருந்திருந்தால், அதாவது பிளக்-இன்னைப் போட்டும் எடுத்தும் கேட்கும்போது இரண்டும் ஒரே உரப்பில் இருந்திருந்தால், அந்த வரிசையின் முதல் படியிலேயே காது உண்மையைச் சொல்லியிருக்கும்.

இன்றைய மீட்டரில் வைத்துப் பார்த்தால்

இன்று இலவசமாகக் கிடைக்கும் யூலீன் லவுட்னஸ் மீட்டரோ, ஃபேப்ஃபில்டர் புரோ-எல் 2 லிமிட்டரிலேயே உள்ள மீட்டரோ, ஐசோடோப் இன்சைட்டோ, எல்லாமே அதே பிஎஸ்.1770 நெறிப்படி 'லஃப்ஸ்' என்ற அலகில் அளக்கின்றன. காது கூர்மையாக உணரும் மேல் அதிர்வெண்களுக்குக் கூடுதல் எடையும், அடி ஆழத்து அதிர்வெண்களுக்குக் குறைந்த எடையும் கொடுத்த பிறகு ஆற்றலைக் கணக்கிடுவது அந்த நெறி. 400 மில்லிவினாடிக்கு ஒரு கண அளவு, 3 வினாடிக்குக் குறுங்கால அளவு, பாடல் முழுவதற்கும் ஒரு தொகுப்பளவு. 2011-இல் வந்த திருத்தத்தின்படி தொகுப்பளவைக் கணக்கிடும்போது மிக மெதுவான பகுதிகள் விலக்கப்படுகின்றன. இல்லையென்றால் நீண்ட அமைதி உள்ள பாடல் தன் எண்ணைக் குறைத்துக் காட்டிக்கொள்ளும்.

தொகுப்பளவைப் பார்த்துத் திருப்தி அடைவதுதான் பலர் செய்வது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, உச்சத்துக்கும் குறுங்கால உரப்புக்கும் இடையிலான வித்தியாசம். மீட்டர்களில் இது பி.எஸ்.ஆர். என்று வரும். கோரஸ் உச்சத்தில் இருக்கும்போது இந்த எண்ணைப் பார்க்க வேண்டும். எட்டுக்குக் கீழே இறங்காமல் வைத்துக்கொள்ளுங்கள் என்பது இயன் ஷெப்பர்டின் அறிவுரை. 2008-இல் இந்த ஆல்பத்தைப் பற்றி எழுதிய அதே ஷெப்பர்ட்தான். பின்னாளில் மீட்டர்பிளக்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து இந்த எண்ணைத் தொடர்ந்து வரைந்து காட்டும் 'டைனாமீட்டர்' பிளக்-இன்னையும், உரப்பைச் சமன்செய்து முன்பின் ஒப்பிட உதவும் 'பெர்செப்ஷன்' பிளக்-இன்னையும் கொண்டுவந்தார். 'டெத் மேக்னெட்டிக்' எழுப்பிய இரண்டு கேள்விகளுக்கும் கருவி வடிவில் வந்த விடைகளாகவே நான் இவற்றைப் பார்க்கிறேன்.

மெய் உச்சம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். டிஜிட்டல் கோப்பில் இருப்பவை புள்ளிகள்; ஸ்பீக்கருக்குப் போகும்போது அவை தொடர்ந்த அலையாக மாறுகின்றன; இரண்டு புள்ளிகளுக்கு நடுவே அலை அவற்றைவிட உயரப் போகலாம். வெட்டுப்பட்ட முகடுகள் உள்ள கோப்பில் இது அடிக்கடி நடக்கும். எம்பி3 போன்ற சுருக்க வடிவங்களுக்கு மாற்றும்போது இன்னும் மோசமாகும். மெய் உச்ச மீட்டர், புள்ளிகளுக்கு இடையே நான்கு மடங்கு நெருக்கமாகக் கணக்கிட்டு இதைக் கண்டுபிடிக்கிறது. மைனஸ் 1-இல் நிறுத்துங்கள் என்று ஸ்பாட்டிஃபை சொல்வதற்குக் காரணம் இதுதான். மிக உரத்த மாஸ்டர்களுக்கு மைனஸ் 2 என்கிறது.

உரப்பு எங்கே போயிற்று

இத்தனை விலை கொடுத்து வாங்கிய உரப்பு இன்று என்ன ஆகிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஐரோப்பிய ஒளிபரப்பு ஒன்றியம் 2010-இல் 'ஆர்128' பரிந்துரையைக் கொண்டுவந்து, நிகழ்ச்சிகளின் சராசரி உரப்பை மைனஸ் 23 லஃப்ஸில் நிறுத்தியது. இசையைத் தரும் இணையச் சேவைகள் அதே அளவீட்டைத் தமக்கேற்ற எண்களோடு ஏற்றன: ஸ்பாட்டிஃபையிலும் யூடியூபிலும் மைனஸ் 14 சுற்றி, ஆப்பிள் மியூசிக்கில் மைனஸ் 16 சுற்றி.

மைனஸ் 6 லஃப்ஸுக்கு ஏற்றிய ஒரு மாஸ்டரையும், மைனஸ் 14 லஃப்ஸில் முடித்த ஒரு மாஸ்டரையும் எடுத்துக்கொள்வோம். இரண்டின் உச்சமும் மைனஸ் 1. ஸ்பாட்டிஃபை முதல் பாடலை எட்டு டெசிபல் இறக்கும். இப்போது கேட்பவருக்கு இரண்டும் ஒரே உரப்பு. ஆனால் முதல் பாடலின் டிரம்ஸ் முகடு மைனஸ் 9-ஐத் தாண்டாது. இரண்டாவதன் முகடு மைனஸ் 1 வரை எழும். உரக்க ஒலிக்க வேண்டும் என்று அழுத்திய பாடல், பக்கத்துப் பாடலுக்கு அருகே வலுவிழந்து, தட்டையாகக் கேட்கிறது. உரப்பின் ஆதாயம் சேவையின் கணக்கில் கழிந்துவிட்டது; கரகரப்பு மட்டும் பாடலோடு தங்கிவிட்டது.

இதைப் படித்துவிட்டு 'அப்படியானால் எல்லாவற்றையும் மைனஸ் 14-இல் முடிக்க வேண்டும்' என்று முடிவெடுப்பது இன்னொரு தவறு. மைனஸ் 14 என்பது சேவை தன் வசதிக்கு வைத்துக்கொண்ட எண். ஒரு ராக் பாடல் மைனஸ் 10-இல் இயல்பாக அமைந்தால் அதை அங்கேயே விடலாம். நான்கு டெசிபல் இறங்கும், குடி முழுகிப்போகாது. மென்மையான வீணைப் பதிவு மைனஸ் 18-இல் இருந்தால் அதை லிமிட்டரால் நெரித்து மைனஸ் 14-க்கு இழுத்துவரத் தேவையே இல்லை. எண்ணுக்காக மிக்ஸ் செய்வது, எண்ணே பார்க்காமல் மிக்ஸ் செய்வதற்குச் சற்றும் சளைக்காத கேடு.

மிக்ஸ் அறைக்கான மாற்றம்

இந்த நிகழ்விலிருந்து நடைமுறைக்கு எடுத்துக்கொள்ள வேண்டியவை பெரும்பாலும் மிக்சிங் கட்டத்தைச் சேர்ந்தவை. உரப்பு மீட்டரை மாஸ்டரிங் அறையின் பொருளாக ஒதுக்கிவைக்காமல், மிக்ஸ் பஸ்ஸின் கடைசி இடத்தில் முதல் நாளிலிருந்தே வைக்க வேண்டும். மிக்ஸ் பஸ்ஸில் ஒவ்வொரு பிளக்-இன்னைப் போடும்போதும் அதன் வெளியளவை இறக்கி, உள்ளே போகும் உரப்போடு சமன்செய்த பிறகே கேட்டு முடிவெடுக்க வேண்டும். பல பிளக்-இன்களில் தானாகச் சமன்செய்யும் பொத்தான் இருக்கிறது. இல்லாதவற்றில் கையால் செய்யலாம். இது கடினமான பழக்கம். முதலில் எல்லாமே சப்பென்று தோன்றும். அப்படித் தோன்றும் பிளக்-இன்களில் பாதி உண்மையிலேயே எதையும் செய்யாதவை என்பது விரைவில் தெரியவரும்.

நம் ஊர் இசையில் இதை இன்னும் கவனமாகச் செய்ய வேண்டிய இடம் தாள வாத்தியங்கள். தவிலின் வலந்தலையில் விழும் விரல்கூட்டின் அடியும் பறையின் குச்சியடியும் மிகக் குறுகிய நேரத்தில் உச்சத்துக்குப் போய் இறங்குபவை. லிமிட்டர் முதலில் தின்பது அவற்றைத்தான். நாதஸ்வரத்தின் நீண்ட சுரம் நான்கு டெசிபல் அழுத்தத்தில் மாற்றமே இல்லாமல் நிற்கும். அதே அழுத்தத்தில் தவில் தன் சொற்களை இழந்து வெறும் ஓசையாகிவிடும். பி.எஸ்.ஆர். எண் இத்தகைய பதிவுகளில் எட்டைவிடப் பல படிகள் மேலேயே இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

மாஸ்டரிங்குக்கு அனுப்பும்போது இரண்டு கோப்புகள் அனுப்பலாம். ஒன்று, மிக்ஸ் பஸ்ஸில் உள்ள லிமிட்டரையும் கிளிப்பரையும் நிறுத்தியது. ஒலியின் குணத்துக்காகவே போட்ட கம்ப்ரெஸர் இருந்தால் அது இருக்கட்டும். இன்னொன்று, பாடகரும் தயாரிப்பாளரும் இத்தனை நாள் கேட்டு ஒப்புதல் தந்த உரத்த பதிப்பு. முதலாவதில் வேலை நடக்கும். அவர்கள் மனத்தில் பதிந்திருக்கும் ஒலி எது என்பதை இரண்டாவது சொல்லும். இரண்டையும் 24 பிட் அல்லது 32 பிட் மிதவைப்புள்ளி வடிவில் எடுத்து, அனுப்பும் முன் முதல் கோப்பை ஒலித்தொகுப்பு மென்பொருளில் திறந்து, மிக உரத்த கோரஸில் ஒரு ஸ்னேர் அடியைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். அங்கே முகடு வளைந்திருந்தால் அனுப்பலாம். தட்டையாக இருந்தால், ஸ்னேர் தடத்திலிருந்து மிக்ஸ் பஸ்வரை ஒவ்வொரு பிளக்-இன்னாக நிறுத்திப் பார்த்து, எங்கே வெட்டுப்படுகிறது என்பதைக் கண்டுபிடித்துச் சரிசெய்த பிறகே கோப்பை மறுபடி எடுக்க வேண்டும்.